நான்கு பன்னிரண்டுக்கு வந்த அழைப்பு

அன்பரசு ஞாயிற்றுக்கிழமைதோறும் வந்தான். வந்தால் வாசலோடு சரி. பையில் கொய்யாவோ சாத்துக்குடியோ இருக்கும். அதை ராசம்மாள் கையில் கொடுத்து, "உடம்பு எப்படிம்மா இருக்குது?" என்று கேட்பான். அவள் பதில் சொல்லி முடிப்பதற்குள் வண்டியைத் திருப்பிவிடுவான். வாசலில் நின்றாலே கூடத்துச் சுவரில் மாலை போட்ட அருள்முருகனின் படம் தெரியும். ஏழு மாதத்தில் ஒரு தடவைகூட அவன் பார்வை அந்தப் பக்கம் போகவில்லை. வினோதினி சமையலறைக் கதவோரம் நின்றபடி ஒவ்வொரு வாரமும் அதைக் கவனித்து வந்தாள்.

"கொய்யாவ அப்படியே போட்டு வெச்சிருக்கியே, அழுவுது பாரு" என்றாள் ராசம்மாள்.

"நீங்க சாப்பிடுங்க அத்தை."

"எனக்குப் பல்லு எங்கடி இருக்குது? பாவம், அந்தப் புள்ள கடலூர்லேருந்து தூக்கிட்டு வருது."

"எதுக்குத் தூக்கிட்டு வருதுன்னு யோசிச்சீங்களா?"

"எம்புள்ளையோட கூட்டாளி. வராம இருப்பானா?"

"கூட்டாளின்னா உள்ள வந்து உக்காரணும். ஒரு வாய் தண்ணி குடிக்கணும். வாசப்படி மிதிக்க மாட்டேங்குறாரே, ஏன்?"

ராசம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "உனக்கு எல்லார் மேலயும் சந்தேகம். பால்காரன் மேலயும் சந்தேகம்."

"பால்ல தண்ணி இருக்குதுல்ல?"

"இருக்குது. அதுக்காவ பால்காரன் கொலகாரனா?"

வினோதினி உள்ளே போனாள். கொலைகாரன் என்ற சொல்லை அந்த வீட்டில் முதலில் உச்சரித்தது அவள் அல்ல, மாமியார்தான். ஆனால் அந்தச் சொல் அவள் மனத்தில் ஆனி மாதத்தில் இருந்தே குடியிருந்தது.

அருள்முருகன் உயர் அழுத்த மின்கம்பிகளில் வேலை பார்த்தவன். ஓர் ஒப்பந்தக்காரரிடம் பதினோரு வருடம். அவன் கடைசியாக ஏறிய லைன் கடலூருக்கு மேற்கே ஒரு துணை மின்நிலையத்தில் கிளம்பி, கரும்புக் கொல்லைகளுக்கு மேலாகப் போய், பெண்ணையாற்றைத் தாண்டி, மாநில எல்லையையும் தாண்டி, புதுச்சேரிப் பக்கம் இருக்கும் ஓர் இரும்பு உருக்காலையில் முடிகிறது. வழியில் எந்த ஊருக்கும் அது விளக்கேற்றுவதில்லை. ஒரு லட்சத்துப் பத்தாயிரம் வோல்ட்டும் அந்த ஓர் உலைக்குத்தான். "நம்ம ஊர்ல கரண்டு போனாலும் அந்த இரும்புக்குப் போவாது. இரும்பாப் பொறந்திருக்கணும்டி" என்று அவன் சொல்லிச் சிரிப்பான்.

அந்தக் கம்பியில் கை வைப்பதற்கு முன்னால் மின்சாரத்தை நிறுத்தி, தொடலாம் என்று அனுமதி வாங்க வேண்டும். அதற்கு எல்.சி. என்று பெயர். வேலை முடிந்து, பாதுகாப்புக்காகக் கம்பியில் மாட்டிய எர்த் ராடுகளைக் கழற்றி, ஆட்கள் எல்லாரும் கீழே இறங்கிய பிறகு அந்த அனுமதியைத் திருப்பிச் சொல்ல வேண்டும். யார் பெயரில் வாங்கினார்களோ அவரேதான் திருப்ப வேண்டும். வேறு யார் கூப்பிட்டுச் சொன்னாலும் செல்லாது. இந்த லைனில் உருக்காலையின் கட்டுப்பாட்டு அறைக்குத்தான் சொல்வார்கள். அவர்கள் இந்தப் பக்கத்துத் துணை மின்நிலையத்தோடு பேசி, இரண்டு முனையும் ஒத்துக்கொண்ட பிறகே மின்சாரம் வரும். இதெல்லாம் அவன் சாப்பிடும்போது சொல்லிச் சொல்லி அவளுக்குப் பழகியவை. இன்னொன்றும் சொல்லியிருந்தான்: டவர் ஏறும்போது எல்லாருடைய போனும் ஒரு பையில் கீழே நிற்பவனிடம் இருக்கும், ஆகவே பகலில் கூப்பிடாதே. கல்யாணமான ஒன்பது வருடத்தில் அவள் பகலில் அவனைக் கூப்பிட்டதே இல்லை.

ஆனி மாதம் அந்த வியாழக்கிழமை இருபத்து மூன்றாம் டவரில், கம்பியைத் தாங்கும் பீங்கான் வட்டுகளில் உடைந்தவற்றை மாற்றினார்கள். எல்.சி. அருள்முருகன் பெயரில். கீழே நின்றவன் அன்பரசு. நான்கு பன்னிரண்டுக்கு எல்.சி. திருப்பப்பட்டது. நான்கு பதினைந்துக்கு மின்சாரம் வந்தது. அப்போது அருள்முருகன் மேலேயே இருந்தான். கடைசி எர்த் ராடைக் கழற்றி ஒரு சாண்கூட விலக்கியிருக்கவில்லை.

இடுப்புக் கச்சை அவனை விழவிடாமல் பிடித்துக்கொண்டது. மேலேயே ஒன்றரை மணி நேரம் இருந்தான். அந்த டவர் ஆற்று மணலில் நிற்கிறது. எந்த மாநிலத்து மணல் என்று இரண்டு பக்கத்துக் காவல் நிலையத்துக்காரர்களும் பேசி முடிக்கிற வரை இறக்க முடியவில்லை. எல்லைக்குப் பக்கத்தில் நடந்தது என்பதால், பாலத்துக்கு அந்தப் பக்கம் போய்க் குடித்துவிட்டு ஏறியிருப்பான் என்றும் இரண்டு பேர் சொன்னார்கள். பிரேதப் பரிசோதனையில் ஒரு சொட்டு இல்லை. சொன்னவர்கள் திரும்பி வந்து இல்லை என்று சொல்லவும் இல்லை.

போலீஸ்காரர்கள் அவன் போனைத் திருப்பிக் கொடுத்தபோது கண்ணாடி கீறியிருந்தது. எங்கே எடுத்தது என்று அவர்கள் சொல்லவில்லை. உள்ளே எல்லாம் அப்படியே இருந்தன. கடைசியாகப் பேசிய எண் உருக்காலையின் கட்டுப்பாட்டு அறை. நேரம் நான்கு பன்னிரண்டு. முப்பத்தெட்டு விநாடி.

வினோதினி சிதம்பரத்தில் தாலுகா அலுவலகத்துக்கு எதிரே இருந்த ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்தாள். ஜெராக்ஸைவிட மனு அடிப்பதுதான் அங்கே முக்கியமான தொழில். பட்டா மாறுதல், வாரிசுச் சான்று, பக்கத்து வீட்டுக்காரன் சாக்கடையை இந்தப் பக்கம் திருப்பிவிட்டான் என்ற புகார். வருகிறவர்கள் அழுதுகொண்டும் திட்டிக்கொண்டும் சொல்வதை அவள் நான்கு பத்தியில் நிறுத்துவாள். எதை முதலில் வைத்தால் அதிகாரி அடுத்த வரியைப் படிப்பார் என்பது அவளுக்குத் தெரியும்.

ஆடி பிறந்ததும் தன் மனுவை அவளே அடித்தாள். போன் கீழே நிற்பவரிடம் இருப்பதுதான் விதி. கீழே நின்றவர் அன்பரசு. அழைப்பு அந்தப் போனில் இருந்து போயிருக்கிறது. என் கணவர் மேலே இருந்தார். ஆகவே என் கணவரின் பெயரைச் சொல்லி, அவர் இறங்குவதற்கு முன்பே, எல்.சி.யைத் திருப்பியது யார் என்பதை விசாரிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். நான்கே பத்தி. ஒரு பிழை கிடையாது. மின் ஆய்வாளருக்கும், ஆட்சியர் அலுவலகத்துக்கும், எல்லைக்கு அந்தப் பக்கத்து அலுவலகத்துக்கும் அனுப்பினாள்.

கோப்பு இரண்டு மாநிலத்துக்கும் நடுவே நடந்தது. டவர் இங்கே, உலை அங்கே, கம்பி இரண்டுக்கும் பொது. ஐப்பசியில் ஒரு நாள் மின் ஆய்வாளர் அலுவலகத்தில் இருந்து ஒரு கடிதம் வந்தது. 'அழைப்பைச் செய்தது நான்தான் என்று திரு. அன்பரசு எழுத்து மூலம் ஒப்புக்கொண்டுள்ளார்.'

அதைப் படித்ததும் அவளுக்கு ஆறுதல் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவளுடைய கடைக்கு வருகிறவர்களில் செய்த தப்பை ஒத்துக்கொண்ட ஒரு மனிதனையும் அவள் பார்த்ததில்லை. ஒரு முழம் வரப்பை வெட்டியவன்கூட ஒத்துக்கொள்ள மாட்டான். ஓர் உயிருக்குப் பதில் சொல்ல வேண்டியவன் யாரும் அடிக்காமல், மிரட்டாமல் எழுதிக் கொடுத்திருக்கிறான். அந்தக் கடிதம் வந்த பிறகும் ஞாயிற்றுக்கிழமை கொய்யாவோடு வந்து நிற்கிறான்.

கார்த்திகையில் இன்னொன்று தெரிந்தது. அன்பரசு இப்போது கம்பி வேலைக்குப் போவதில்லை. உருக்காலையின் வாசலில், நிழலில் உட்கார்ந்து வண்டி எண்களைக் குறிக்கிற வேலை. வாங்கிக் கொடுத்தது ஒப்பந்தக்காரரின் சூப்பர்வைசர் கதிரவன். இருவரையும் சிதம்பரம் பேருந்து நிலையத்துக்கு எதிரே டீக்கடையில் வினோதினியே பார்த்தாள். கதிரவன் பேசிக்கொண்டிருந்தான். அன்பரசு கண்ணாடி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் நின்றான். விலைக்குப் போய்விட்டார் என்று அவள் நினைத்துக்கொண்டாள். ஆனால் எதற்காக விலை? குற்றத்தை மறைப்பதற்கு விலை கொடுப்பார்கள். ஒப்புக்கொள்வதற்கு யார் கொடுப்பார்கள்?

மார்கழியில் விசாரணைக்குத் தேதி வந்தது. அதற்கு முந்தின நாள் திருவாதிரைக் கூட்டம் ஊரை அடைத்திருந்தது. பேருந்துகளை எல்லாம் சுற்றிவிட்டிருந்தார்கள். கடையில் ஆளில்லாத பதினோரு மணிக்குக் கதிரவன் உள்ளே வந்தான். மடிப்புக் கலையாத சட்டை, கையில் ஹெல்மெட்.

"அக்கா, ஆதார் ரெண்டு காப்பி."

எடுத்துக் கொடுத்தாள். அவன் போகவில்லை.

"நாளைக்குக் கடலூர் வர்றீங்கல்ல?"

"கூப்பிட்டிருக்காங்க."

"அந்தப் பக்கத்து கண்ட்ரோல் ரூம்ல பேசுறது எல்லாம் ரெக்கார்டு ஆவும். ஆபீசர் எழுதிக் கேட்டு வாங்கிட்டாரு. நாளைக்குப் போட்டுக் காட்டுவாங்க. காத்துச் சத்தம்தான் ஜாஸ்தி. ஒண்ணும் புரியாது."

"நீங்க கேட்டீங்களா?"

கதிரவன் ஹெல்மெட்டை இந்தக் கையில் இருந்து அந்தக் கைக்கு மாற்றினான். "இல்லக்கா. சொன்னாங்க."

"யாரு சொன்னது?"

"நீங்க வக்கீலுக்குப் படிச்சிருக்கணும்க்கா." சிரித்தான். அவள் சிரிக்காததைப் பார்த்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். குரல் யாருதுன்னு தெரியலன்னு சொல்லிடுங்க. அன்பரசு ஒத்துக்கிட்டாரு, அதோட முடிஞ்சிரும். அண்ணன் பேரு சுத்தமா இருக்கும்."

"அவரு பேரு இப்ப அழுக்காவா இருக்குது?"

"அப்படிச் சொல்லலக்கா."

"அன்பரசு அண்ணனுக்கு என்ன ஆவும்?"

"அவர நாங்க பாத்துப்போம்."

அவன் போன பிறகு பார்த்தாள். ஆதார் நகல் இரண்டும் மேசை மேலேயே கிடந்தன.

மறுநாள் காலை கடலூர்ப் பேருந்தில் அவளுக்கு ஜன்னலோரம் கிடைத்தது. புதுச்சத்திரம் தாண்டும் வரை அவள் கதிரவனின் பேச்சையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு வந்தாள். 'அண்ணன் பேரு சுத்தமா இருக்கும்.' அருள்முருகனின் பெயர் சுத்தமாக இருக்க வேண்டும் என்று ஏழு மாதமாகக் கேட்டவள் அவள் ஒருத்திதான். இப்போது ஒப்பந்தக்காரரும் அதையே கேட்கிறார். இரண்டு பேர் ஒன்றையே கேட்டால் அதில் ஒருவர் ஏமாறுகிறார் என்பது மனு அடிக்கிற கடையில் அவள் கற்றுக்கொண்டது. "சன்னல சாத்துங்கப்பா, குடிகாடு வந்துருச்சு" என்று யாரோ கத்தினார்கள். ரசாயன நெடி அதற்குள் உள்ளே வந்துவிட்டது. சாத்திய கண்ணாடிக்கு வெளியே டவர்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின.

மின் ஆய்வாளர் தட்சிணாமூர்த்தி ஓய்வு பெறும் வயதை நெருங்கியவர். அறையில் மூன்று நாற்காலிகள் போட்டிருந்தார்கள். கதிரவன் முதலிலேயே வந்து உட்கார்ந்திருந்தான். அன்பரசு கதவோரம் நின்றான். அவனை உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தவன் உள்ளங்கை இரண்டையும் முழங்காலில் வைத்துக்கொண்டான். கம்பி வேலைக்காரனின் தடித்த கைகள்.

"அம்மா, ஒரு ஒலிப்பதிவு வந்திருக்கு. முப்பத்தெட்டு விநாடி" என்றார் ஆய்வாளர். "குரலை நான் ஒப்பந்தக்காரர் தரப்புக்குப் போட்டுக் காட்டினேன். தெளிவா இல்லைன்னு சொல்றாங்க. இவர் தன் குரல்ன்னு சொல்றார். நீங்க கேட்டுச் சொல்லணும். அவசரம் இல்ல. ரெண்டு மூணு தடவைகூடப் போடறேன்."

அவள் கதிரவனைத் திரும்பிப் பார்த்தாள். நேற்று, கேட்கவில்லை என்று சொன்னவன். அவன் சுவர்க் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆய்வாளர் கணினியில் ஏதோ அழுத்தினார். முதலில் காற்று. துணியை உதறுவதுபோல் காற்று. பிறகு ஒரு பெண் குரல், "கண்ட்ரோல் ரூம்."

"அருள்முருகன் பேசுறேம்மா. இருவத்தி மூணு. வேல முடிஞ்சிருச்சு. எல்.சி. ரிட்டர்ன்."

"எர்த் எடுத்தாச்சா?"

"எடுத்தாச்சு."

"ஆளு எல்லாம் எறங்கியாச்சா?"

"எறங்கியாச்சும்மா. கீழதான் நிக்கிறோம்."

மறுபடியும் காற்று. இரும்பில் கொக்கி உரசும் ஒரு சத்தம். முடிந்தது.

"இன்னொரு தடவை போடவா?"

அவள் வேண்டாம் என்று தலையசைத்தாள். வேண்டும் என்றுதான் இருந்தது. நாள் முழுக்கப் போட்டுக்கொண்டே இருக்கச் சொல்லலாம் போல் இருந்தது. 'எறங்கியாச்சும்மா' என்பதில் இருந்த அந்தச் சின்ன இழுப்பு அவளுக்குத் தெரியும். குறிஞ்சிப்பாடியில் வேலை முடியாமல் நின்றுகொண்டே, சிதம்பரம் ரயில்வே கேட்டுக்கு வந்துவிட்டேன், சோறு போடு என்று சொல்லும்போது வரும் இழுப்பு. முக்கால் மணி கழித்து வந்து, ஆறிய சோற்றை ஒரு குறையும் சொல்லாமல் சாப்பிடுவான். அப்போதெல்லாம் அவள் கோபித்துக்கொண்டதே இல்லை.

போன் மேலே இருந்தது. கீழே பையில் இருக்கும் என்று அவளிடம் சொன்னவனின் சட்டைப் பையில் இருந்தது.

இப்போது அவளுக்கு எல்லாம் வேறு மாதிரி வரிசையாயின. அவள் தெரியவில்லை என்று சொன்னால் போதும். அன்பரசு எழுதிக் கொடுத்தது நிற்கும். அருள்முருகன் யாரோ செய்த தப்பினால் செத்தவன் ஆவான். ராசம்மாள் தலை நிமிர்ந்து தெருவில் நடப்பாள். அவன்தான் பேசினான் என்று சொன்னால், தன் உயிரைத் தானே கொடுத்தவன் என்று காகிதத்தில் ஏறிவிடும். குடித்திருப்பான் என்று சொன்ன அதே வாய்கள் இன்னொரு தடவை திறக்கும். அதைவிட, அவள் அடித்த நான்கு பத்தி மனு பொய்யாகும்.

ஆனால் தெரியவில்லை என்று சொல்லச் சொன்னவன் கதிரவன். அங்கேதான் அவளுக்கு இடித்தது. இந்தக் குரல் மேலே இருந்து பேசியது என்று தெரிந்தால், அடுத்து ஒரு கேள்வி வரும். ஏன் மேலே இருந்து? அந்தக் கேள்வி வரக் கூடாது என்பதற்காகத்தான் அவன் ஆதார் நகல் எடுக்க வந்தான்.

"அம்மா?" என்றார் ஆய்வாளர்.

அன்பரசு தலையைத் தூக்கி அவளைப் பார்த்தான். ஏழு மாதத்தில் முதல் தடவையாக நேருக்கு நேர் பார்த்தான். தலையை மிக லேசாக, வேண்டாம் என்பதுபோல் ஆட்டினான்.

"இது என் வீட்டுக்காரர் குரல் சார்."

"நல்லாத் தெரியுமா?"

"தெரியும். மேல இருந்துதான் பேசுறாரு. எறங்கலை. எறங்கிட்டேன்னு பொய் சொல்றாரு."

"தங்கச்சி" என்றான் அன்பரசு. "உனக்கு எதுக்கு தங்கச்சி இது? நான்தான் எழுதிக் குடுத்துட்டேன்ல?"

"ஏன் எழுதிக் குடுத்தீங்க?"

கதிரவன் குறுக்கே, "சார், அவங்க துக்கத்துல இருக்காங்க, குரல் யாருதுன்னு இவங்களால எப்படி..." என்று ஆரம்பித்தான். ஆய்வாளர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஏண்ணே எழுதிக் குடுத்தீங்க?"

"உன் மனுவ எனக்குக் காட்டுனாங்க தங்கச்சி." அன்பரசு தன் கைகளைப் பார்த்துக்கொண்டு பேசினான். "நான் பத்தாவதுகூடத் தாண்டல. ஆனா நீ எழுதியிருந்தது ஒவ்வொரு வரியும் புரிஞ்சிது. போன் கீழ இருக்கும், கீழ நின்னவன் அன்பரசு, அப்ப பேசினவன் யாரு? படிக்கப் படிக்க எனக்கே நான்தான் பேசிட்டனோன்னு வந்துருச்சு. மூணு நாளு தூங்கல. அப்புறம் இந்த சூப்பர்வைசரு வந்தாரு. செத்தவன் மேல பழி போவக் கூடாதுல்ல, நீ வாங்கிக்க, வேல நான் போட்டுத் தரேன்னாரு. சரின்னுட்டேன். மச்சானுக்கு வேற என்ன பண்ண முடியும் என்னால?"

"பாத்துப் பேசுப்பா" என்றான் கதிரவன்.

"போன் மேல எப்படிப் போச்சு?" வினோதினி கதிரவனின் பக்கம் திரும்பவே இல்லை.

அன்பரசு அவள் பக்கம் திரும்பினான். "எல்.சி. எடுத்தவன்தான் திருப்பணும். கண்ட்ரோல் ரூம் பொண்ணுக்கு எங்க எல்லார் குரலும் தெரியும், நான் பேசினா வெச்சிருவா. எடுத்தவன் மேல இருக்கான். அவன் எறங்கி வந்து பேசிட்டு, அப்புறம் அங்கேருந்து இங்க பேசி, இங்கேருந்து அங்க பேசி... ரெண்டு ஸ்டேட்டு பாரு. நம்பர் சொல்லு, திருப்பிச் சொல்லு, அவுங்க ஆபீசர கேக்கணும், இவுங்க ஆபீசர கேக்கணும். கொறஞ்சது இருவது நிமிஷம் ஆவும். ஒரு தடவ நாப்பது ஆச்சு. ஒல ஆறுது, ஒல ஆறுதுன்னு இவருக்குப் போன் மேல போன். அதனால ரிட்டர்ன் மேலேருந்தே சொல்லிடுறது. சொல்லிட்டு எர்த்தக் கழட்டி எறங்கிட்டா, பத்து நிமிஷம் பீடி குடிச்சப்புறம்தான் கரண்டு வரும்."

"எத்தன தடவ இப்படிச் சொல்லியிருப்பீங்க?"

"இந்த லைன்லயா?" அவன் நிமிர்ந்தான். "எல்லாத் தடவையும்."

ஆய்வாளர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "அன்னைக்கு அந்தப் பக்கம் உலையில இரும்பு உறைய ஆரம்பிச்சிருக்கு" என்றார் மெதுவாக. "எல்லா ஒப்புதலையும் முன்னாடியே வாங்கி வெச்சுட்டு, இங்க துணை மின்நிலையத்துல போனை வைக்கவிடாம பேசிக்கிட்டே இருந்திருக்காங்க. ரிட்டர்ன் வந்த உடனே போட்டுட்டாங்க. மூணு நிமிஷம்."

இருபது நிமிடம் என்று நம்பி மேலே நின்றவனுக்கு மூன்று நிமிடம். எல்லைக்கு அந்தப் பக்கத்துச் சோம்பலை நம்பி உயிரை வைத்திருக்கிறான் என்று வினோதினி நினைத்தாள். இத்தனை மாதமாக ஒரு சதியைத் தேடினாள். சதி என்றால் ஒரு முகம் இருக்கும், அந்த முகத்தை வெறுக்கலாம். இங்கே இருந்தது ஒரு பழக்கம். அதில் அவள் சோறு போட்ட முகமும் இருந்தது.

"இந்தப் பழக்கத்தைச் சொல்லிக் குடுத்தது யாரு?" என்று கேட்டார் ஆய்வாளர்.

கதிரவன் நாற்காலியில் அசைந்தான். அன்பரசு அவனைப் பார்த்தான். பிறகு வினோதினியைப் பார்த்தான். அந்தப் பார்வையில் இருந்த தயக்கம் கதிரவனுக்கானது அல்ல, தனக்கானது என்று அவளுக்குப் புரிந்தது.

"சொல்லுங்கண்ணே. அவரா?"

"மொத மொதல்ல செஞ்சது மச்சான்தான், தங்கச்சி. ரெண்டு வருஷம் முன்னாடி, ஒரு மழைக்கு முன்ன. வெளையாட்டாதான் செஞ்சான். லைனுக்குப் பத்து நிமிஷம் முன்னாடியே கரண்டு வந்துருச்சு. அதப் பாத்துட்டு இவரு அடுத்த வாரத்துலேருந்து எல்லா கேங்குக்கும் அப்படித்தான்னு சொல்லிட்டாரு. போன கீழ வெக்காதீங்க, யாரும் பாக்க மாட்டாங்கன்னு சொன்னாரு. மச்சான் அதுக்கப்புறம் ஒரு தடவ வேணாம்ன்னு சொல்லிப் பாத்தான். நீ ஆரம்பிச்சதுதானேன்னு கேட்டாரு. அவனால ஒண்ணும் சொல்ல முடியல."

"சார், இது இட்டுக்கட்டி..." கதிரவன் எழுந்துவிட்டான்.

"உக்காருங்க. உங்க முறை வரும்." ஆய்வாளர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து முன்னால் வைத்தார். பேனாவைத் திறந்துவிட்டு வினோதினியைப் பார்த்தார். "அம்மா, இதை நான் எழுதினா உங்க கணவர் பேரும் அதுல வரும். முதல் வரியிலேயே வரும். யோசிச்சுச் சொல்லுங்க."

அவள் யோசித்தாள். மனு அடிக்கிறவளாக யோசித்தாள். எந்த வரியை விட்டால் எந்த வரி விழுந்துவிடும் என்று அவளுக்குத் தெரியும். அருள்முருகனை எடுத்துவிட்டால் கதிரவனும் போய்விடுவான். பழக்கம் மட்டும் மிச்சம் இருக்கும், பெயர் இல்லாமல், அடுத்த டவரில்.

"இப்ப அந்த லைன்ல யாரு ஏறுறாங்க?" என்று அன்பரசுவிடம் கேட்டாள்.

"புதுசா நாலு பேரு. நெய்வேலிப் பக்கத்துப் பசங்க."

"அவுங்களும் மேலேருந்துதான் சொல்றாங்களா?"

அவன் கதிரவனைப் பார்த்தான். கதிரவன் மறுபடியும் சுவர்க் காலண்டரைப் பார்த்தான்.

"எழுதுங்க சார்" என்றாள். "அவரு ஆரம்பிச்சதையும் எழுதுங்க. இவரு சட்டமாக்குனதையும் எழுதுங்க. ஒண்ண விட்டுட்டு ஒண்ண எழுதாதீங்க."

"அத்தனையும் எழுதணும்ன்னா அன்னைக்குக் காலையில இருந்து வரணும்" என்று ஆய்வாளர் அன்பரசுவின் பக்கம் திரும்பினார். "நேரம் நேரமா சொல்லுங்க. எதையும் விடாதீங்க."

அன்பரசு தொண்டையைச் செருமிக்கொண்டான். எட்டரைக்கு வேன் வந்தது என்றான். வழியில் மச்சான் இட்லி வாங்கித் தந்தான் என்றான். அதையும் சொல்லணுமா சார் என்று கேட்டான். ஆய்வாளர் யோசித்து, அது வேண்டியதில்லை என்று சொல்ல வாயெடுத்தார்.

"சொல்லட்டும் சார்" என்றாள் வினோதினி. நாற்காலியை அன்பரசுவின் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "சொல்லுங்கண்ணே. எந்தக் கடையில?"